மூச்சு வாங்கலாம், தசை வலிக்கக் கூடாது

பரம்பரைத் தசைச்சிதைவு நோய் பற்றிப் போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா? கோபிசெட்டிபாளையத்தில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இது அன்றாடம் வருகிற கேள்வி. வீட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று என்று ஆளுக்கொரு மாதிரி சொல்லி, கடைசியில் நோயாளி கட்டிலோடு கிடப்பதைத்தான் பார்க்கிறேன். அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே. எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

*

அக்கா, எனக்கு 26 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பெக்கர் வகைத் தசைச்சிதைவு என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. நடக்கிறேன், படி ஏற மட்டும் கைப்பிடி வேண்டும். அப்பா, "உக்காந்த எடத்துல இரு சாமி, இருக்கற சத்தையாவது காப்பாத்திக்கோ" என்கிறார். ரூமில் இருக்கும் நண்பர்கள், ஜிம்முக்கு வா, புரோட்டீன் பவுடர் சாப்பிடு, தசை ஏறிடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— திருப்பூர்

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம்.

உங்கள் அப்பா சொல்வது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். தசை ஏற்கெனவே நைந்துகொண்டிருக்கிறது, அதைப் போய் வேலை வாங்கினால் இன்னும் சீக்கிரம் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் இல்லையா? நோய் தொடாத தசையும் உபயோகம் இல்லாமல் மெலியும். நாலு அடி நடந்தால் இரைக்கும். எடை ஏறும். ஏறுகிற ஒவ்வொரு கிலோவையும் அதே பலவீனமான தொடைதான் தூக்கியாக வேண்டும். நோய் எடுத்தது எவ்வளவு, உட்கார்ந்தே விட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாத நிலையில் என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் செய்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. உங்களுக்கு இருக்கிற அதே பெக்கர் உள்ள 11 பேர். 12 வாரத்தில் 50 தடவை, தடவைக்கு 30 நிமிடம், நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள். அவரவர் உச்சபட்சத் திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் ஓட்டினார்கள். முடிவில் அவர்கள் உடல் ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் 47 சதவீதம் கூடியிருந்தது. கூடவே அதே பயிற்சியைச் செய்த, நோய் இல்லாதவர்களுக்குக் கூடியது 16 சதவீதம்தான். அவ்வளவு நாள் பயந்து பயந்து உட்கார்ந்து இழந்ததுதான் அந்த வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். முக்கியமான விஷயம், தசை சிதைந்தால் ரத்தத்தில் கசிகிற சி.பி.கே. என்ற நொதி கூடவில்லை. தசையில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்ததிலும் புதிதாகச் சேதம் இல்லை. ஆறு பேர் ஒரு வருடம் விடாமல் ஓட்டினார்கள், கிடைத்த பலனும் அப்படியே நின்றது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் "அசைந்தால் அழிந்துவிடும்" என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

இனி ஜிம் விஷயம். நம் தசை நாரின் உள்கட்டமைப்பையும் அதன் மேல் உறையையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். பெக்கரில் அது குறைவாக அல்லது குட்டையாக இருக்கும். அதனால் தசை இழுபடும்போது உறை கிழிந்துபோகும். தசை வேலை செய்வதில் இரண்டு விதம் உண்டு: சுருங்கிப் பாரத்தைத் தூக்குவது ஒன்று, பாரத்தைத் தாங்கியபடியே நீண்டு இறக்குவது இன்னொன்று. கிணற்றில் வாளியை இழுக்கும்போது கயிறு நம் பிடியில் இருக்கும். நிறைந்த வாளியை மெதுவாக இறக்கிப் பாருங்கள், கயிறு வழுக்கி உள்ளங்கையை எரிக்கும். தசைக்கும் அந்த இறக்குகிற வேலைதான் ஆபத்து. படி இறங்குவது, உட்கார்ந்து எழுவது, மேட்டிலிருந்து கீழே நடப்பது, டம்பெல்லைத் தூக்கி மெதுவாகக் கீழே விடுவது எல்லாம் அந்த ரகம். ஜிம்மில் முக்கால்வாசி அதுதான். சைக்கிள் பெடலில் அந்த இறக்குகிற வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, மிதிப்பது மட்டும்தான். நான் சைக்கிள் சைக்கிள் என்று சொல்வதன் காரணம் இதுதான். புரோட்டீன் பவுடரைப் பொறுத்தவரை, உடம்பு செய்யாத டிஸ்ட்ரோபினை எந்த டப்பாவும் கொடுக்காது. கொள்ளும் முட்டையும் பச்சைப்பயறும் போதும்.

ஆரம்பிக்கும் முன்னால் ஒரு எக்கோவும் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். பெக்கரில் கால் நன்றாக இருக்கும்போதே இதயம் பலவீனமாவது உண்டு, வெளியே எதுவும் தெரியாது. இதயத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தாலும் பயிற்சி செய்யலாம், ஆனால் இதய டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. மாத்திரைகளில் சில நாடித்துடிப்பை ஏற விடாது. அதனால் கைக்கடிகாரம் காட்டுகிற துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். பேச்சை வையுங்கள். ஓட்டிக்கொண்டே ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் உங்கள் அளவு. மூச்சு வாங்கலாம், தசை வலிக்கக் கூடாது.

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் ரோட்டில் வேண்டாம், வீட்டுக்குள் ஓட்டுகிற வகை. முதுகு சாயும் சீட் கிடைத்தால் நல்லது. சீட் தாழ்வாக இருந்தால் முட்டி ரொம்ப மடங்கித் தொடைக்குப் பாரம் ஏறும். பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கிற உயரத்துக்கு ஏற்றுங்கள். பாதத்துக்குப் பட்டை போடுங்கள். ஜன்னல் கம்பி கைக்கு எட்டுகிற இடத்தில் வண்டியை வைத்தால் ஏறி இறங்கப் பிடிமானம் இருக்கும். மின்விசிறி ஓடட்டும். பெடலை இறுக்குகிற டென்ஷன் திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிடம், அவ்வளவுதான். இன்னும் முடியும் என்று தோன்றும், நிறுத்திவிடுங்கள். அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டி, முப்பது நிமிடத்துக்குப் போங்கள். வாரம் மூன்று நாலு நாள் போதும். முதலில் நேரம் கூடட்டும், திருகைத் தொடுவது அதற்குப் பிறகு. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த ராத்திரியில் ஏறவே கூடாது. காலையில் வேலைக்குப் போகும் முன்பு வைத்துக்கொள்ளுங்கள், அது முடியாத நாளில் விட்டுவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய அறிகுறி: மறுநாள் காலை வழக்கத்தைவிட எழுந்திருக்கச் சிரமமாக இருந்தாலோ, தசை வலி அடுத்த நாளும் நீடித்தாலோ அளவு அதிகம் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் பயிற்சியை நிறுத்தி, நிறையத் தண்ணீர் குடித்து, அன்றே டாக்டரைப் பாருங்கள். தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள். படபடப்பு, தலைசுற்றல் வந்தாலும் அன்றே போக வேண்டும். சி.பி.கே. உங்களுக்கு எப்போதுமே உயரமாகத்தான் இருக்கும், அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள்.

போன தசை இதனால் திரும்பி வராது தம்பி. இருக்கிற தசை குறைந்த மூச்சில் அதிக வேலை செய்யும். கம்பெனி வேன் நிற்கிற இடம் வரைக்கும் இடையில் நிற்காமல் போவீர்கள். இந்தக் கடிதத்தை அப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

*

நான் பள்ளி ஆசிரியை, வயது 43. முகமும் தோளும் பாதிக்கிற எஃப்.எஸ்.எச்.டி. என்ற வகை எனக்கு. பலவீனத்தைவிடச் சோர்வுதான் கொல்கிறது. மூன்றாவது பீரியடுக்கே உடம்பு விட்டுப்போகிறது. இதில் உடற்பயிற்சி வேறா?
— பொள்ளாச்சி

ஆமாம், சோர்வுக்காகவேதான். நெதர்லாந்தில் இதே நோய் உள்ள 57 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வந்தது. தீராத சோர்வு இருந்தவர்களையே தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவினரை 16 வாரம் சைக்கிள் ஓட்ட வைத்தார்கள். சோர்வு தெளிவாகக் குறைந்தது. சோர்வைச் சமாளிக்க மனநலப் பயிற்சி பெற்ற இன்னொரு பிரிவுக்கும் குறைந்தது. களைத்துப்போனவரை அசையச் சொல்வது அநியாயம் என்று தோன்றும். ஆனால் இந்தக் களைப்பில் ஒரு பங்கு, உடம்பு வேலை மறந்துபோனதால் வருவது.

உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை மட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்கிற எதுவும் வேண்டாம், தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைதான் உங்களுக்குப் போயிருக்கிறது. பாதம் தொங்கி நடக்கிறீர்கள் என்றால் தென்னந்தோப்பு வரப்பில் வாக்கிங் போகாதீர்கள், மட்டையில் இடறினால் விழுந்துவிடுவீர்கள். பள்ளி மைதானத்தில் சமதளமாக நடங்கள், அல்லது சைக்கிள். கணுக்காலைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

*

அக்கா, என் பையனுக்கு 7 வயது, சின்ன வயதிலேயே வருகிற டுஷேன் வகைத் தசைச்சிதைவு என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், ஓட விட்டால் கால் பலமாகும் என்கிறார். தாத்தாவோ, தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழக்கினால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு எதுவுமே புரியவில்லை.
— காங்கேயம்

அம்மணி, முதலில் மாஸ்டருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டப்பந்தயம், குதிப்பது, வாத்து நடை எதுவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோப்புக்கரணம் கூடவே கூடாது. உட்காரும்போது உடம்பின் முழு எடையையும் இழுபடுகிற தொடை தாங்குகிறது, அவன் தசைக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. வீட்டுப்பாடம் எழுதாததற்கு இருபது தோப்புக்கரணம் போட வைத்து, அடுத்த இரண்டு நாள் படி ஏற முடியாமல் போன ஒரு குழந்தையை என்னிடம் கொண்டு வந்தார்கள். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், டாக்டரின் சான்றிதழை இணையுங்கள். வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்வதையும் அதிலேயே கேளுங்கள். தசைச்சிதைவு நோய் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறீர்கள்.

அதற்காக விளையாட்டு நேரத்தில் அவனை மூலையில் உட்கார வைக்கவும் கூடாது. நெதர்லாந்தில் டுஷேன் உள்ள 30 பையன்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. கைக்கும் காலுக்கும், மோட்டார் துணையோடு சுற்றும் பெடல். 24 வாரம் செய்த பையன்களின் இயக்கத்திறன் அப்படியே நின்றது, செய்யாதவர்களுக்குக் குறைந்தது. அவர்களில் சக்கர நாற்காலிக்குப் போய்விட்ட பையன்களும் இருந்தார்கள். அவனுக்குக் கூடுதல் சக்கரம் வைத்த சின்ன சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், களத்தில் ஓட்டட்டும். களம் சமமாகவும் இருக்கும், வண்டியும் வராது. "போதும்மா" என்று அவன் சொல்லும் முன்பே நீங்கள் கூப்பிட்டுவிடுங்கள். குழந்தைகள் விளையாட்டு ஜோரில் களைப்பைச் சொல்ல மாட்டார்கள்.

தாத்தா சொல்வதில் பாதி சரி. டுஷேனுக்கு நீச்சலைப் போல் நல்லது வேறு இல்லை. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும், விழுகிற பயம் இல்லை, மூச்சுத் தசைக்கும் வேலை. ஆனால் கிணறு வேண்டாம். நீந்தி முடித்த களைப்போடு அத்தனை படியும் ஏறி வர வேண்டுமே! தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் அவன் நெஞ்சளவுக்குத் தண்ணீர் விட்டு, வெயில் ஏறித் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகு தாத்தாவும் அவனுமாக இறங்கட்டும். அவன் உள்ளேயே நடக்கட்டும், விளிம்பைப் பிடித்துக் காலை உதைக்கட்டும். தாத்தா இல்லாமல் ஒரு நிமிடம் கூட விடக் கூடாது. ஏறும்போது தூக்கி வெளியே விடச் சொல்லுங்கள்.

குதிகால் தசைநாணை இழுத்து நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், அருகில் உள்ள பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்திருந்தால் யார் என்ன சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள். வருடம் ஒரு முறை அவனுக்கு எக்கோ. உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் அம்மணி. டுஷேன் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள், அவர்களில் சிலருக்குப் பின்னாளில் இதயத்தில் பாதிப்பு வரும். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பையனை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தில் அம்மாவின் நெஞ்சை யார் பார்க்கிறார்கள்?

*

மகனுக்குத் தசைச்சிதைவு. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பயிற்சியே தேவையில்லை என்று விளம்பரம் பார்த்தோம். இரண்டு ஏக்கரை விற்கலாம் என்றிருக்கிறோம்.
— தாராபுரம்

விற்காதீர்கள் அண்ணா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்த நோய் போன்ற சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகச் சொல்லவில்லை. ஆய்வாகச் செய்தால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறார்கள் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எந்த வகை நோய் என்று மரபணுப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று எழுதவில்லை. அதுதான் முதல் செலவு. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

*

வயது 38. இடுப்பும் தோளும் பாதிக்கிற லிம்ப் கர்டில் வகை. அப்பாவும் அம்மாவும் சொந்தம், அதனால் வந்தது என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் எட்டுத் தறிக்கும் நடுவில் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். தறி ஓட்டுவதே உடற்பயிற்சிதானே, தனியாக வேறு வேண்டுமா?
— சோமனூர்

நல்ல கேள்வி அண்ணா, ரொம்பப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. தறி ஓட்டுவது உழைப்பு, பயிற்சி இல்லை. பயிற்சியில் மூச்சு ஏறும், ஒரு நேரம் வந்தால் நிற்கும், பிறகு தசைக்கு ஓய்வு கிடைக்கும். தறியில் மூச்சு ஏறுவதில்லை, ஓய்வும் கிடைப்பதில்லை. இழை அறுந்தால் குனிகிறீர்கள், தார் மாற்றக் கை நீட்டுகிறீர்கள், மீதி நேரமெல்லாம் சிமெண்ட் தரையில் நிற்கிறீர்கள். இடுப்புத் தசை விட்டுப்போனவருக்கு நிற்பதே பெரிய வேலை. சாயங்காலம் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் வருகிற தறிக்காரர்கள் எல்லோரும் சொல்வது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது தலைகீழ். முதலில் வேலையில் உடம்பு படுகிற பாட்டைக் குறையுங்கள். தறிகளுக்கு நடுவில் ஓர் உயரமான ஸ்டூல் போடுங்கள், தறி ஓடும் நேரத்தில் சாய்ந்து உட்காருங்கள். ரொம்பத் தாழ்வான ஸ்டூல் வேண்டாம், எழுந்திருக்கத் திண்டாடுவீர்கள். முதலாளியிடம் பேசி எட்டுத் தறியை ஆறாக்க முடிந்தால் ஆக்குங்கள். அப்படி மிச்சமாகிற தெம்பில், வேலையில்லாத நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் பெடல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற சின்னப் பெடல் கருவி சர்ஜிகல் கடைகளில் கிடைக்கிறது, பெரிய சைக்கிளே வேண்டும் என்றில்லை.

ஆனால் அதற்கு முன் ஒன்று. காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இருந்தால் ராத்திரி மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம், பயிற்சிக்கு முன்னால் நுரையீரல் பரிசோதனை அவசியம். லிம்ப் கர்டிலில் எத்தனையோ உட்பிரிவு. சிலதில் இதயமும் மூச்சும் பாதிக்கும், சிலதில் அவ்வளவாக இல்லை.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். வருகிறவரிடம் இந்தப் பக்கத்தையும் மருத்துவ அறிக்கைகளையும் காட்டி, நீங்கள் மிதிப்பதைப் பக்கத்தில் இருந்து முதல் முறை பார்க்கச் சொல்லுங்கள்.